சுட்ட இயலாத பக்கங்கள்

இந்தியப் பல்கலைக்கழகங்களில் சமர்ப்பிக்கப்படும் சமூக அறிவியல், மொழியியல் ஆய்வேடுகளில் ஒரு விந்தையான மேற்கோள் முறை வேரூன்றிவிட்டது. இயலின் நடுவே ஓர் அட்டவணை இருக்கும். ஒரு வட்டத்தின் பள்ளிகளில் பயிற்றுமொழி வாரியாக மாணவர் எண்ணிக்கை என்று வைத்துக்கொள்ளலாம். அடிக்குறிப்பைப் பார்த்தால் அரசுத் தளம் ஒன்றின் முகப்புப் பக்க முகவரியும் 'பார்வையிட்ட நாள்' என்ற ஒரு தேதியும் மட்டுமே இருக்கும். அந்த முகவரியைத் திறந்தால் அமைச்சரின் படமும், இடமிருந்து வலமாக ஓடும் அறிவிப்புகளும் வரும். அட்டவணை வராது. 'கல்கத்தா தேசிய நூலகத்தில் படித்தது' என்று ஒரு மாணவர் அடிக்குறிப்பு எழுதினால் எந்த மேற்பார்வையாளரும் அதைத் திருப்பி அனுப்பிவிடுவார். இணையத்துக்கு மட்டும் அந்தக் கண்டிப்பு ஏன் தளர்ந்தது?

மாணவர் சோம்பியதால் அன்று. அந்த அட்டவணைக்கு முகவரியே இல்லை. அவர் அதைத் திரையில் கண்டது உண்மை. ஆனால் கண்டதைச் சுட்டிக்காட்ட அவரிடம் எதுவும் கொடுக்கப்படவில்லை. இருபது ஆண்டுகளாக வலைத்தள உருவாக்கத்தின் பெருமிதமாகக் கொண்டாடப்படும் ஒரு நுட்பம் கவனமின்றிக் கையாளப்பட்டதன் விளைவு இது. பக்கத்தை மீண்டும் ஏற்றாமலேயே, பின்னணியில் வழங்கிக்கு வேண்டுகோள் அனுப்பி, வந்த பதிலைக் கொண்டு பக்கத்தின் ஒரு பகுதியை மட்டும் மாற்றும் முறை அது. 'அஜாக்ஸ்' என்ற பெயரில் அது பரவியது. கணினித் துறையினர் இதைத் தங்கள் வீட்டு விவகாரமாகக் கருதுகின்றனர். மானுடவியல், மொழியியல், வரலாற்றுத் துறையினரோ இது தங்களுக்குப் புரியாத பொறியியல் என்று ஒதுங்கி நிற்கின்றனர். இரு தரப்பும் தவறு செய்கின்றன. இது அறிவின் சான்றாதாரம் பற்றிய கேள்வி. அதைப் பொறியாளரிடம் மட்டும் ஒப்படைத்தது கல்வியுலகின் அலட்சியம்.

நுட்பம் எளியதுதான். பழைய வலையில் வாசகர் ஒரு சுட்டியை அழுத்துவார். உலாவி வழங்கியிடம் ஒரு முகவரியைக் கேட்கும். முழுப் பக்கம் வந்து சேரும். முகவரிப் பட்டை மாறும். பின்செல் பொத்தான் பழைய இடத்துக்குக் கொண்டுபோகும். புதிய முறையில் பக்கத்தினுள் இருக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் வாசகர் அறியாமல் வேண்டுகோள் அனுப்புகிறது. வழங்கி முழுப் பக்கத்தை அனுப்பாமல் தரவுத் துண்டை மட்டும் அனுப்புகிறது. நிரல் அதைப் பக்கத்தின் உரிய இடத்தில் பொருத்துகிறது. பதில் வரும்வரை உலாவி காத்து நிற்பதில்லை. ஆதலால் 'ஒத்திசைவற்ற' வேண்டுகோள் என்று பெயர். (ஒத்திசைவு என்ற சொல் இசையரங்கிலிருந்து வந்ததுபோல் ஒலிக்கிறது; 'காத்திராத வேண்டுகோள்' என்றிருந்தால் மாணவருக்கு இன்னும் தெளிவாக இருந்திருக்கும். சொல்லாக்கக் குழுக்கள் இத்தகைய எளிமையை ஏனோ விரும்புவதில்லை.) இவ்வளவும் நடந்தபின் முகவரிப் பட்டை பழைய முகவரியையே காட்டிக்கொண்டிருக்கும். நிரலாளர் தனியாக முயன்றாலொழிய அது மாறாது.

இதன் பிறப்பும் கவனிக்கத்தக்கது. 1999-இல் வெளிவந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5 உலாவியில், மின்னஞ்சலை உலாவிக்குள் வாசிக்க உதவும் மைக்ரோசாஃப்ட் மென்பொருளின் தேவைக்காகவே இந்த வசதி முதலில் புகுத்தப்பட்டது. பிற உலாவிகள் அதைப் பின்பற்றின. 2004-இல் ஜிமெயிலும் 2005 தொடக்கத்தில் கூகுள் வரைபடமும் வந்து உலகை வியக்கவைத்தன. 2005 பிப்ரவரியில் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் எழுதிய கட்டுரை அதற்கு 'அஜாக்ஸ்' என்று பெயர் சூட்டியது. மின்னஞ்சல் பெட்டி, வரைபடம் ஆகிய இரண்டும் தனிமனிதர் கையாளும் கருவிகள். தன் அஞ்சல் பெட்டியை எவரும் அடிக்குறிப்பில் மேற்கோள் காட்டப்போவதில்லை. கருவிகளுக்காகப் பிறந்த முறையை ஆவணங்களின்மீது ஏற்றியதுதான் பிழையின் வேர். கணக்கெடுப்பு அட்டவணை ஓர் ஆவணம். அகராதிப் பதிவு ஓர் ஆவணம். நீதிமன்றத் தீர்ப்பு ஓர் ஆவணம். அவற்றை அஞ்சல் பெட்டியைப் போல வடிவமைத்தவர்கள், இந்த வேறுபாட்டைப் பற்றி ஒரு கணமும் சிந்தித்ததாகத் தெரியவில்லை.

மொழியியல் படித்தவர்களுக்கு இந்த இழப்பின் தன்மை உடனே விளங்கவேண்டும். தொல்காப்பியம் அ, இ, உ ஆகிய மூன்றையும் சுட்டு என்கிறது. இகரம் அருகிலுள்ளதைச் சுட்டும். அகரம் தொலைவிலுள்ளதைச் சுட்டும். இடைப்பட்டதைச் சுட்டும் உகரம் பெரும்பாலான தமிழ்நாட்டு வழக்குகளில் மறைந்துபோய் யாழ்ப்பாணத் தமிழில் இன்றும் வாழ்கிறது. 'இது' என்ற சொல் பொருள்பட வேண்டுமானால் பேசுவோரும் கேட்போரும் ஒரே சூழலில் இருக்கவேண்டும். பேசுவோர் அகன்றுவிட்டால் 'இது' வெறும் ஒலி. யாக்கப்சன் 1957-இல் விரித்துரைத்த மாறுசுட்டுகளின் இயல்பும் இதுவே: சொல்லும் சூழலிலிருந்து பிரித்தால் அவை எதையும் குறிப்பதில்லை.

ஆய்வுலகம் எழுந்து நிற்பது 'இது' என்பதை 'அது' ஆக்கும் ஏற்பாட்டின் மேல்தான். நூற்பெயர், பதிப்பு, ஆண்டு, பக்க எண் ஆகியன சேர்ந்து, எழுதுவோர் மறைந்தபின்னும் வாசிப்போர் அதே வரியை எடுத்துப் பார்க்க வழிசெய்கின்றன. வலையில் அந்த வேலையைச் செய்வது முகவரி. தமிழ் அதன் இணைப்பைச் 'சுட்டி' என்று அழைத்தது தற்செயலாக அமைந்த பெருநயம். முகவரி மாறாமல் உள்ளடக்கம் மட்டும் மாறும் பக்கம், அதன் முன் அமர்ந்திருப்பவருக்கு மட்டும் 'இது' என்று சொல்லக்கூடிய பக்கம். அவர் எழுந்து போய்விட்டால் அங்கே 'அது' என்று ஒன்று இல்லை.

இணைப்புகள் அழிவது வேறு நோய். அது பற்றி நிறையவே பேசப்பட்டிருக்கிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் உள்ள இணைய முகவரிகளில் ஏறத்தாழப் பாதி, முதலில் மேற்கோள் காட்டப்பட்ட தகவலுக்குக் கொண்டுசெல்வதில்லை என்று 2014-இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் காட்டினர். அங்கே இறந்துபோனவை ஒருகாலத்தில் உயிரோடிருந்த முகவரிகள். இறப்பைப் பதிவுசெய்யலாம், எண்ணலாம், சில வேளைகளில் இணையக் காப்பகத்தின் 'வேபேக்' பொறியில் தேடி மீட்கவும் செய்யலாம். இங்கே பேசப்படுவதோ முகவரியே பிறக்காத பக்கங்கள். அவை அழிந்ததைக்கூட எவராலும் நிறுவமுடியாது.

இந்திய வாசகர் நன்கறிந்த காட்சி ஒன்று உண்டு. தளத்தில் நான்கு கீழிறங்கு பட்டியல்கள் இருக்கும்: மாநிலம், மாவட்டம், வட்டம், கிராமம். மாநிலத்தைத் தேர்ந்தவுடன் பின்னணியில் வேண்டுகோள் ஒன்று போய் மாவட்டங்களைக் கொண்டுவரும். மாவட்டத்தைத் தேர்ந்தால் வட்டங்கள் வரும். ஒவ்வொரு முறையும் ஒரு சிறு வட்டம் சுழலும். நான்காவது பட்டியல் நிறைந்தபின் படத்திலுள்ள கோணல் எழுத்துகளைத் தட்டச்சிட்டுப் பொத்தானை அழுத்தினால், கீழே அட்டவணை விரியும். முகவரிப் பட்டையில் ஓர் எழுத்தும் மாறியிருக்காது. பக்கத்தைத் தவறி மீளேற்றினால் நான்கு பட்டியல்களும் வெறுமையாகி, வாசகர் மீண்டும் மாநிலத்திலிருந்து தொடங்கவேண்டும். சற்று நேரம் தேநீர் அருந்தப் போனால் அமர்வு காலாவதியாகிவிடும். ஒரு மாவட்டத்தின் ஐந்நூறு கிராமங்களை ஒப்பிட விரும்பும் ஆய்வாளர் இந்தச் சடங்கை ஐந்நூறு முறை செய்யவேண்டும். செய்தபின்னும் அவர் கையில் எஞ்சுவது ஐந்நூறு திரைப்பிடிப்புகள். திரைப்பிடிப்பு சான்றாகாது. அதை எவரும் திருத்தலாம். எதனோடும் ஒப்பிட்டுச் சரிபார்க்கமுடியாது.

இந்த அமைப்பு தொழில்நுட்பக் கட்டாயத்தால் வந்ததன்று. மாநிலம், மாவட்டம், வட்டம், கிராமம் என்ற நான்கு படிநிலைகளே ஒரு முகவரியின் இயல்பான உறுப்புகள். சாய்கோடுகளால் பிரித்து எழுதினால் போதும். அஞ்சல் உறையில் இந்தியர்கள் தலைமுறைகளாக எழுதிவருவதும் அப்படித்தான். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒவ்வொரு கிராமத்துக்கும் ஏற்கெனவே குறியெண் உண்டு. முகவரிக்குத் தேவையான அனைத்தும் இருந்தும் முகவரி மட்டும் வழங்கப்படாதது, இந்தத் தளங்களை ஒப்புக்கொள்ளும்போது 'திரையில் தெரிகிறதா' என்ற ஒரே கேள்வி கேட்கப்பட்டதால்தான்.

2011 கணக்கெடுப்பின் தாய்மொழித் தரவை எண்ணிப் பார்க்கலாம். மக்கள் சொன்ன 19,569 பெயர்களை மொழியியல் ஆய்வுக்குப் பின் 1,369 தாய்மொழிகளாக வகைப்படுத்தி, பத்தாயிரம் பேருக்கு மேல் பேசுவனவற்றை 121 மொழிகளாகத் தொகுத்தனர். இந்தத் தொகுப்பில் ஒவ்வொரு முடிவும் விவாதத்துக்குரியது. போஜ்புரியையும் ராஜஸ்தானியையும் இந்தியின் கீழ்ச் சேர்த்ததே பெருஞ்சர்ச்சை. இத்தகைய தரவில் ஒரு வரிசையைச் சுட்டி 'இங்கே பாருங்கள்' என்று காட்ட இயலவேண்டும். நல்லவேளையாக அந்த அட்டவணைகள் தரவிறக்கக் கோப்புகளாகவும் வெளிவந்தன; ஆகவே விவாதிக்கமுடிகிறது. ஒரே ஒரு தேடல் பெட்டிக்குப் பின்னால் அடைக்கப்பட்டிருந்தால் அந்தச் சர்ச்சைக்கே ஆதாரம் இருந்திருக்காது.

இதற்கு வழக்கமாக வரும் முதல் மறுப்பு வேகம். பக்கத்தின் ஒரு துண்டை மட்டும் அனுப்பினால் தரவு மிச்சம். மெதுவான இணைப்புள்ள சிற்றூர் மாணவருக்கு இதுவே நன்மை என்பர். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றுகிறது. கணக்கு அப்படி வருவதில்லை. இன்று பெருகியுள்ள ஒற்றைப்பக்கச் செயலிகளில் முதலில் வருவது வெற்றுக் கூடு. அதன்பின் கனத்த நிரல்கோப்புகள். அவை இறங்கி இயங்கியபின்னரே உள்ளடக்கத்துக்கான முதல் வேண்டுகோள் புறப்படும். சிற்றூர் மாணவர் ஒரே ஓர் அட்டவணையைப் பார்க்க வந்தவர். அவருக்கு இரண்டாம் பக்கத்தில் கிடைக்கப்போகும் சேமிப்பு ஒருபோதும் வந்துசேர்வதில்லை. இந்தப் பாடத்தை ட்விட்டர் பொதுவெளியிலேயே கற்றது. 2010-இல் அது தன் பக்கங்களை முழுமையாக உலாவியில் உருவாக்கும் முறைக்கு மாறியது. முகவரிகளில் எண்குறியும் வியப்புக்குறியும் ஒட்டிக்கொண்டன. 2012-இல் அதைக் கைவிட்டு மீண்டும் வழங்கியிலேயே பக்கத்தை உருவாக்கத் தொடங்கியது; தொடக்க ஏற்றநேரம் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்ததாக அந்நிறுவனப் பொறியாளர்களே எழுதினர். 2011 பிப்ரவரியில் இதே முறைக்கு மாறிய காக்கர் குழுமத்தின் செய்தித் தளங்கள், நிரலில் ஏற்பட்ட ஒரு கோளாறால் வாசகர்களுக்கு வெற்றுப் பக்கங்களாகக் காட்சியளித்தன. கட்டுரைகள் வழங்கியில் பத்திரமாகத்தான் இருந்தன. அவற்றை எடுத்துவரவேண்டிய தூதன் மட்டும் வழியில் விழுந்துவிட்டான்.

மேலும், முகவரியுள்ள பக்கத்தை ஒருமுறை உருவாக்கி இடைச்சேமிப்பில் வைத்து ஆயிரம் பேருக்குத் தரலாம். கீழிறங்கு பட்டியல் தளங்கள் பெரும்பாலும் கையாளும் 'போஸ்ட்' வகை வேண்டுகோளுக்கு அந்த வசதி நடைமுறையில் கிடைப்பதில்லை. ஒவ்வொரு முறையும் தரவுத்தளத்தை எழுப்பியாகவேண்டும். தேர்வு முடிவு வெளியாகும் நாள்களில் தளங்கள் திணறுவதைக் கண்டு 'கூட்டம் அதிகம்' என்று சமாதானம் சொல்வோர் இதையும் கணக்கில் கொள்ளலாம்.

இரண்டாவது மறுப்பு சற்றே தாழ்ந்த குரலில் சொல்லப்படுவது: முகவரி கொடுத்தால் எவரும் நிரல் எழுதி எல்லாத் தரவையும் உறிஞ்சிவிடுவர். இது பொதுத் தரவு பற்றிய கூற்று என்பதை மறந்துவிடக்கூடாது. மறைக்கவேண்டிய தரவானால் வெளியிடவே கூடாது. வெளியிட்ட தரவானால் எடுத்துச் செல்வதில் என்ன குற்றம்? அதோடு, இந்தத் தடை தடுக்கவேண்டியவரைத் தடுப்பதுமில்லை. உலாவியின் நிரலாளர் பலகையைத் திறந்தால் பின்னணி வேண்டுகோள்கள் எங்கே போகின்றன, என்ன கொண்டுவருகின்றன என்று வரிவரியாகத் தெரியும். பைத்தான் அறிந்த மாணவர் ஒரே மாலையில் ஐந்நூறு கிராமங்களையும் எடுத்துவிடுவார். அறியாத மாணவர் ஐந்நூறு முறை சடங்கு செய்வார். ஒரே ஆய்வுக்கூடத்தில், ஒரே உதவித்தொகையில், இவ்விருவரும் அருகருகே அமர்ந்திருக்கின்றனர். முன்னவரோ தாம் தரவை எடுத்த வழியை முறையியல் இயலில் எழுதத் தயங்குவார். அது ஏதோ அத்துமீறல்போலத் தோன்றக்கூடும் என்ற அச்சம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டுக் கல்வி நேர்மை ஒழுங்குவிதிகள் ஆய்வாளரின் நேர்மையை விரிவாகப் பேசுகின்றன. தரவு வெளியிடும் நிறுவனத்தின் நேர்மையைப் பேச எந்த ஒழுங்குவிதியும் எழுதப்படவில்லை.

எழுதப்பட்ட ஒரு சட்டம் உண்டு. அதை இந்தக் கோணத்தில் எவரும் எடுத்துப் பார்ப்பதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, பிரிவு 4(1)(அ): ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும் தன் பதிவேடுகளை, தகவல் உரிமைக்கு வழிசெய்யும் வடிவில், முறையாகப் பட்டியலிட்டும் அட்டவணைப்படுத்தியும் பேணவேண்டும். பட்டியலிடுவது என்றால் ஒவ்வொன்றுக்கும் தனித்த அடையாளம் தருவது. தனி முகவரி இல்லாத இலட்சக்கணக்கான அட்டவணைகளை ஒரே பொத்தானுக்குப் பின் வைத்திருப்பது எந்தப் பொருளில் பட்டியலிடல்? இந்த முகவரியின்மையால் நன்மையடைவோர் யார் என்ற கேள்வியும் கேட்கப்படவேண்டும். நேற்று ஓர் எண்ணைக் காட்டிய அட்டவணை இன்று வேறோர் எண்ணைக் காட்டினால், நேற்றையதை நிறுவ எவரிடமும் ஒன்றுமில்லை. 'வேபேக்' பொறி பட்டியல்களைத் தேர்ந்து பொத்தானை அழுத்திப் பார்ப்பதில்லை. அது சேமித்து வைத்திருப்பது நான்கு வெற்றுப் பட்டியல்களைக் கொண்ட படிவத்தை மட்டுமே. திருத்தம் நிகழ்ந்தது என்று சொல்பவர் பொய்யராகத் தோன்றுவார். இது திட்டமிட்ட சூழ்ச்சி என்று குற்றஞ்சாட்டவேண்டிய தேவையில்லை. சூழ்ச்சி செய்பவர்களுக்கு மிக வசதியாக அமைந்த கவனக்குறைவு என்று சொன்னால் போதும்.

நேர்மாறான சான்றுகள் இந்தியாவிலேயே இருக்கின்றன. 2008 முதல் இயங்கும் 'இந்தியன் கானூன்' ஒவ்வொரு தீர்ப்புக்கும் ஓர் எண், ஒரு முகவரி என்ற எளிய விதியைக் கடைப்பிடிக்கிறது. அதனாலேயே சட்ட மாணவர் ஒருவர் மற்றவருக்குத் தீர்ப்பை ஒரே வரியில் அனுப்பமுடிகிறது. உச்ச நீதிமன்றமே 2023-இல் தன் தீர்ப்புகளுக்கு நடுநிலை மேற்கோள் எண் வழங்கும் முறையைக் கொண்டுவந்தது. காந்திநகரின் இன்ஃப்ளிப்நெட் நடத்தும் 'சோத்கங்கா', ஒவ்வோர் ஆய்வேட்டுக்கும் நிலையான அடையாள எண் தருகிறது. வழங்கி இடம் மாறினாலும் எண் மாறவேண்டியதில்லை. விக்கிப்பீடியா ஒரு படி மேலே போய், ஒரு கட்டுரையின் ஒவ்வொரு திருத்தத்துக்கும் தனித்தனி நிலை முகவரி வைத்திருக்கிறது. நேற்று அந்தக் கட்டுரை என்ன சொன்னது என்பதை இன்று சுட்டிக்காட்டலாம். 'விக்கிப்பீடியாவை மேற்கோள் காட்டாதே' என்று மாணவரைக் கண்டிக்கும் பேராசிரியர்கள், முகவரியற்ற அரசு அட்டவணையைக் கேள்வியின்றி ஏற்றுக்கொள்கின்றனர். சரிபார்க்கும் வசதியை அளவுகோலாகக் கொண்டால் வரிசை தலைகீழாக இருக்கவேண்டும்.

இனி, மொழிகள். இதில் கல்வியுலகின் மௌனம் மன்னிக்கத்தக்கதன்று.

இன்றைய மொழி மாதிரிகளுக்குப் பயன்பட்ட பெருந்தரவகங்களில் பல, 'காமன் கிரால்' என்ற வலைச் சேகரத்திலிருந்து வடிகட்டப்பட்டவை. ஆஸ்கார், சிசி100, எம்சி4 ஆகிய மூன்றும் அவ்வாறு வந்தவையே. அந்தச் சேகரத்தின் சிலந்தி நிரல், வழங்கி முதலில் தரும் எச்டிஎம்எல் உரையை அப்படியே எடுத்துக்கொள்கிறது. பக்கத்திலுள்ள ஜாவாஸ்கிரிப்டை இயக்கிப் பார்ப்பதில்லை. ஆகவே பின்னணி வேண்டுகோளால் நிரம்பும் பக்கம் அதன் கண்ணுக்கு வெற்றுக் கூடு. ஆங்கிலத்தில் இத்தகைய ஆயிரம் பக்கங்கள் விடுபட்டாலும் கடலில் ஒரு குடம் குறைந்ததுபோல. சந்தாலியிலும் போடோவிலும் காசியிலும் வலையில் உள்ள உரை ஏற்கெனவே ஒரு குடமளவுதான். 2003-ஆம் ஆண்டின் 92-ஆவது அரசமைப்புத் திருத்தம் போடோ, டோக்ரி, மைதிலி, சந்தாலி ஆகிய நான்கையும் எட்டாம் அட்டவணையில் சேர்த்தது. அவற்றுக்கான சொற்களஞ்சியமோ கதைத் தொகுப்போ பொதுப்பணத்தில் உருவாகி, ஒரு தேடல் பெட்டிக்குப் பின்னால், ஒரு நேரத்துக்கு ஒரு சொல் என்று காட்டப்படுமானால், வலையின் பார்வையில் அந்த உழைப்பு நடக்கவே இல்லை. களப்பணியாளர் மலையேறி ஆண்டுக்கணக்கில் திரட்டியதை நிரலாளரின் ஒரு வடிவமைப்புத் தெரிவு இல்லாததாக்கிவிடுகிறது. பிறகு அதே துறையினர் கருத்தரங்குகளில் 'நம் மொழிகளுக்குத் தரவு போதவில்லை' என்று கட்டுரை வாசிக்கின்றனர்.

இதற்கு ஒரு கூரிய எதிர்வாதம் உண்டு. அதைத் தட்டிக்கழிப்பது நேர்மையாகாது. பெருநிறுவனங்கள் பழங்குடி மக்களின் கதைகளைக் கேளாமல் எடுத்துச் சென்று வணிகம் செய்யும் காலத்தில், சிலந்திக்குத் தெரியாமலிருப்பதே பாதுகாப்பு அல்லவா? அந்த அச்சம் உண்மையானது. எனில் அந்த முடிவை எடுக்கவேண்டியவர் அந்த மொழிச் சமூகத்தினர். எதைத் திறப்பது, எதை மூடுவது, எந்த உரிமத்தில் தருவது என்று அவர்கள் தீர்மானிக்கவேண்டும். சிலந்திகளை விலக்கும் அறிவிப்புக் கோப்பு அதற்கென்றே இருக்கிறது. உள்நுழைவுச் சொல்லும் இருக்கிறது. ஒப்பந்த நிறுவனத்தின் நிரலாளர் தமக்குப் பழக்கமான சட்டகத்தைப் பயன்படுத்தியதால் தற்செயலாக மூடிக்கொண்ட கதவைச் சமூகத்தின் விருப்பம் என்று அழைப்பது அந்தச் சமூகத்துக்குச் செய்யும் இரண்டாவது அவமதிப்பு.

பார்வையற்ற ஆய்வாளரின் நிலை பற்றி இங்கே சுருக்கமாகச் சொல்லவேண்டும்; அது தனிக் கட்டுரைக்குரியது. பக்கத்தின் ஒரு மூலையில் உள்ளடக்கம் சத்தமின்றி மாறும்போது, அந்த மாற்றத்தை அறிவிக்கும் குறி நிரலில் எழுதப்பட்டிருந்தாலன்றித் திரைவாசிப்பான் அதைச் சொல்லாது. அந்தக் குறிகளை உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2014-லேயே பரிந்துரையாக வெளியிட்டுவிட்டது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. சுழலும் சிறு வட்டம் மட்டும் இன்னும் ஊமையாகவே சுழல்கிறது.

குற்றம் அரசோடு முடிவதில்லை. எண்ணிம மானுடவியல் என்ற பெயரில் பல்கலைக்கழகத் துறைகள் நடத்தும் திட்டங்கள் இதே நோயைப் பெருமையுடன் சுமக்கின்றன. நல்கை கிடைத்ததும் அசைவூட்டங்களும் முடிவில்லாமல் உருளும் பட்டியல்களும் கொண்ட தளம் தொடங்கிவைக்கப்படுகிறது. துணைவேந்தர் பொத்தானை அழுத்துகிறார். நல்கை முடிந்தபின், தரவு தரும் பின்னணி வழங்கிக்குக் கட்டணம் கட்ட ஆளில்லை. தளம் திறக்கும், தலைப்பு வரும், நடுவில் வட்டம் சுழன்றுகொண்டே இருக்கும். 1998-இல் தன்னார்வலர்கள் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் கோப்புகளோ எந்த அசைவூட்டமுமின்றி இன்றும் திறக்கின்றன. அவை வெறும் எழுத்துக் கோப்புகள். எழுத்துருக் குறியேற்றம் மாறியபோதும் அவற்றை யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ள முடிந்தது, கோப்பு கோப்பாக இருந்ததால். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியில் ஒரு சொல்லைத் தேடி, அந்தத் தேடலை அப்படியே ஒரு முகவரியாக எடுத்து அடிக்குறிப்பில் வைக்க விரும்புவோர் செல்லும் இடம் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய அகராதித் தளம். அந்தத் தளத்துக்கு அழகில்லை; தேடிய சொல் முகவரியிலேயே இருக்கிறது.

கணினி அறிவியல் துறையினருக்கும் ஒரு சொல். 'ரெஸ்ட்' என்ற சொல்லை உச்சரிக்காமல் இன்று வலைநிரலாக்க வகுப்பு முடிவதில்லை. அது 2000-இல் ராய் ஃபீல்டிங் கலிபோர்னியாவின் இர்வைன் வளாகத்தில் சமர்ப்பித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில் பெயரிடப்பட்ட கருத்து. குறிப்பிடத்தகுந்த ஒவ்வொன்றுக்கும் அடையாளம் இருக்கவேண்டும் என்பது அதன் அடித்தளங்களுள் ஒன்று. ஆய்வேட்டின் பெயரை எடுத்துக்கொண்டு அதன் அடித்தளத்தை விட்டுவிட்ட பாடத்திட்டம், மாணவருக்கு வேண்டுகோளை அனுப்பக் கற்றுத்தருகிறது. அனுப்பியபின் முகவரியை மாற்றுவதைக் கற்றுத்தருவதில்லை.

அதற்குரிய கருவி கைவசம் இருக்கிறது. பக்கத்தை மீளேற்றாமலேயே முகவரிப் பட்டையையும் வரலாற்றையும் புதுப்பிக்கும் வசதி எச்டிஎம்எல்5-உடன் உலாவிகளுக்கு வந்துவிட்டது, பத்தாண்டுகளுக்கு மேலாகிறது. முதலில் நிரலின்றியே இயங்கும் முகவரியுள்ள பக்கத்தை அமைத்து, அதன்மேல் பின்னணி வேண்டுகோள்களைச் சேர்க்கும் வழிமுறையை ஜெரமி கீத் 2006-லேயே 'ஹைஜாக்ஸ்' என்று பெயரிட்டு விளக்கினார். ஆகவே பின்னணி வேண்டுகோளை ஒழிக்கவேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. வரைபடத்தை நகர்த்தவும், தட்டச்சிடும்போதே சொற்களை முன்மொழியவும், உரையாடல் நடத்தவும் அது அருமையான கருவி. வாசகர் கண்ணெதிரே வைக்கப்படும் ஒவ்வோர் ஆவணத்துக்கும் அதற்கே உரிய முகவரி வேண்டும் என்பதுதான் கோரிக்கை.

கோரிக்கையை நிறைவேற்றுவதற்குப் புதிய ஆணையமும் வேண்டியதில்லை. தளம் ஒன்றை ஒப்புக்கொள்ளுமுன் நல்கைக் குழுவில் அமரும் பேராசிரியர், ஏதேனும் ஓர் அட்டவணையைத் திறந்து, முகவரியை நகலெடுத்து, அடுத்த மேசையிலுள்ள கணினியில் ஒட்டிப் பார்க்கட்டும். அதே அட்டவணை வராவிட்டால் கடைசித் தவணைப் பணத்தை நிறுத்திவைக்கட்டும். ஆய்வேட்டைத் திருத்தும் தேர்வாளர், முகப்புப் பக்க முகவரியைக் கொண்ட அடிக்குறிப்பைக் கண்டால் வாய்மொழித் தேர்வில் அதைக் கேட்கட்டும்; அந்தக் கேள்வி மாணவருக்குப் பாதகமாகாமல், தரவு வெளியிட்ட நிறுவனத்துக்கு எழுதப்படும் கடிதமாக மாறட்டும். மாணவர்கள் தகவல் உரிமை மனுவில் பிரிவு 4(1)(அ)-வைக் குறிப்பிட்டு, தங்கள் ஆய்வில் பயன்படுத்திய அட்டவணையின் பட்டியல் எண்ணையும் நிலையான முகவரியையும் கேட்கட்டும். மனுக் கட்டணம் பத்து ரூபாய். பதிலுக்குச் சட்டம் தரும் அவகாசம் முப்பது நாள்.